இரவல் குறட்டை

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். தனியாக மடிக்கிறேன் என்று கிளம்பினால் நாலு முனையில் ஒன்று தரையைத்தான் துடைத்துக்கொண்டிருக்கும். சூடான ரோலருக்குள் ஈரமாகப் போன விரிப்பு அந்தப் பக்கம் மொடமொடவென்று வெளியே வரும்போது ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, பின்னால் நகர்ந்து, ஓர் உதறு உதற வேண்டும். நீளவாக்கில் ஒரு மடிப்பு, அதன் மேல் இன்னொன்று. பிறகு எதிரெதிரே நடந்து வந்து நடுவில் சந்தித்து, ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து தொங்குகிற மடிப்பைப் பிடிக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இதுதான். பேசிக்கொண்டே செய்யலாம். அழுதுகொண்டுகூடச் செய்யலாம். ஒரே வேகத்தில் நடக்காமல் மட்டும் செய்ய முடியாது.

அந்தச் சலவைக்கூடத்தில் இந்த வேலைக்கு அமைந்த ஜோடியைப் பார்த்தால் உம்மணாமூஞ்சிக்கும் சிரிப்பு வரும். ஒருத்தி கதவு நிலையில் குனிந்து நுழைகிறவள். இன்னொருத்தி அலமாரியின் இரண்டாம் தட்டுக்கே ஸ்டூல் தேடுகிறவள். நெட்டையக்கா, குள்ளி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, சம்பளம் போடுகிறவருக்கே அவர்களுடைய நிஜப் பெயர் மறந்துவிட்டது. ஆனால் கையில் விரிப்பு வந்துவிட்டால் உயரமெல்லாம் கணக்கில் இல்லை. நெட்டையக்கா கையைக் கொஞ்சம் தாழ்த்துவாள், குள்ளி கொஞ்சம் உயர்த்துவாள், துணி மட்டம் தட்டினாற்போல நிற்கும். "ஆஸ்பத்திரியா, லாட்ஜா, ஊர்ல பாதிப் பேரு நாம மடிச்சதுல படுத்துத்தான்டி தூங்குறான்" என்று நெட்டையக்கா அடிக்கடி பெருமை பேசுவாள். அப்படிச் சொல்லும்போது குள்ளி அடுத்த விரிப்பை எடுக்கப் போய்விடுவாள்.

மழை பிடித்துக்கொண்ட பிறகு வேலை கழுத்தை நெரித்தது. எதுவும் காயவில்லை. கூடம் முழுக்க சோப்பு வாடையும் ஈர வாடையும் கலந்து, மூச்சு விட்டால்கூட ஈரமாகத்தான் விட வேண்டியிருந்தது. அப்படி ஒரு காலையில் நெட்டையக்கா தன் இரண்டு முனைகளோடு நடுவுக்கு வருவதற்குள் குள்ளி அங்கே வந்து, வந்ததோடு நிற்காமல் முனைகளை அவள் விரலிலிருந்து உருவிக்கொண்டாள்.

"ஏய், என்னடி அவசரம்? பஸ்ஸு கிளம்பிடுமா?"

"நான் எப்பவும் போலத்தான் வர்றேன்க்கா. உங்க காலுதான் இன்னிக்கி மக்கர் பண்ணுது."

நெட்டையக்கா சிரித்தாள். அடுத்த விரிப்பிலும் அதேதான். அதற்கடுத்ததிலும். துணி கையிலிருந்து போவதற்கும் பிடுங்கப்படுவதற்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரியும். நெட்டையக்காவின் சிரிப்பு மெல்ல நின்றது.

"ராத்திரி தூங்குனியா?"

"நல்லாத் தூங்கினேனே. வேணும்னா அவரைக் கேட்டுப் பாருங்க."

யார் கேட்டாலும் குள்ளி இதைத்தான் சொல்வாள். கேட்காதவர்களுக்கும் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

மற்றவர்களுக்குத் தூக்கம் வராவிட்டால் கொட்டாவி விட்டுக்கொண்டே நாளைத் தள்ளிவிடுவார்கள். குள்ளியின் கதை வேறு. அவளுடைய சீட்டில் டாக்டரம்மா 'பைபோலார்' என்று எழுதியிருந்தார். வீட்டில் அதற்கு ஏத்தம், இறக்கம் என்று பெயர். இறக்கத்தில் குள்ளி தலை வாராமல், யாரோடும் பேசாமல், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். ஏத்தத்தில் அவளைப் பிடிக்க ஆள் பத்தாது. இரண்டும் அண்டாமல் இருக்கத்தான் மாத்திரை, ரத்தப் பரிசோதனை, மதியத்துக்கு மேல் டீ கிடையாது, ராத்திரி வேலை கிடையாது, விளக்கணைக்க ஒரு நேரம் என்று இத்தனை கட்டுப்பாடு. எல்லாவற்றையும் அவள் ஒழுங்காகக் கடைப்பிடித்துத்தான் வந்தாள். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

"தூங்காம மறுநாள் அசந்து போயிருந்தீங்கன்னா பயப்படாதீங்க, அது எல்லாருக்கும் வர்றதுதான்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "தூங்காமலேயே மறுநாள் தெம்பா இருந்தீங்கன்னா, போட்டது போட்டபடி என்கிட்ட வந்துடணும். உங்களுக்குத் தூக்கம்தான் தாழ்ப்பாள். அது கழண்டுச்சுன்னா மத்ததெல்லாம் உள்ள வந்துடும்."

போன தடவை தாழ்ப்பாள் கழன்றபோது நடந்ததைத் தெருவில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். குள்ளி வீடு வீடாக ஏறி, "உங்க ஜன்னல் திரையெல்லாம் அழுக்கா நாறுதே, குடுங்க, பைசா வேணாம், நான் அலசித் தர்றேன்" என்று வாங்கி வந்துவிட்டாள். சலவைக்காரி சும்மா துவைத்துத் தருகிறேன் என்றால் யார் வேண்டாமென்பார்கள்? தெரு முழுக்க ஜன்னல்கள் அம்மணமாக நின்றன. அத்தனையையும் ஒரே தொட்டியில் போட்டு விடிய விடிய அலசினாள். தொழில் தெரிந்தவள் செய்கிற காரியமா அது? எல்லாச் சாயமும் ஒன்றோடொன்று கலந்து, வெள்ளை, மஞ்சள், பச்சை எல்லாம் கத்தரிப்பூ நிறமாகிவிட்டன. முதல் நாள் தெரு சிரித்தது. மறுநாள் அவள் ஈரத் திரைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடுரோட்டில் நின்று வண்டிகளை நிறுத்தியபோது யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்தபோது, "இது நான் மடிச்சது, இந்த ஓரத் தையல் எனக்குத் தெரியும்" என்று விரிப்பைக் காட்டி நர்ஸிடம் திரும்பத் திரும்பச் சொன்னாளாம். நோயில் உளறுகிறாள் என்று நர்ஸ் எழுதி வைத்தார். அது ஒன்றுதான் அன்று அவள் உளறாமல் சொன்னது.

அந்த வாரம் அவளுடைய நாத்தனார் வந்தாள். குள்ளியின் புருஷனான டிரைவரின் அக்கா, ஒண்டிக்கட்டை, வெளியூரில் தையல்கடை வைத்திருப்பவள். ஒரு நீலப் பையைக் காலியாகக் கொண்டு வந்து, குள்ளியின் மகளுடைய துணிகளை அதில் அடுக்கி, அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒரு படிப்பு வருஷம் முழுக்க அந்தப் பெண் அத்தை வீட்டில் வளர்ந்தாள். குறை சொல்ல முடியாத வளர்ப்பு. இந்த வருஷம் பள்ளி திறந்தபோதுதான் திரும்பக் கொண்டுவந்து விட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா புள்ளை என்கிட்டயே இருந்துடட்டும்மா. அங்கயும் இங்கயும் பந்தாட வேணாம்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் குள்ளி பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவள் அக்கறையாகச் சொன்னாள்.

அதிலிருந்து அந்த வீட்டில் தூக்கத்துக்குக் காவல் போட்டாயிற்று. ஒரே அறை, அதை ஓர் அலமாரியால் தடுத்து அந்தப் பக்கம் மகள். துறுதுறுப்புக்காக வாலு என்று பெயர் வாங்கியவள். இந்தப் பக்கம் இவர்கள் இருவரும். டிரைவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர், விடிவதற்கு முன்னால் டிப்போவில் இருக்க வேண்டும். அவரோ படுத்துக்கொண்டு பெண்டாட்டியின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். புரண்டால், "என்ன, தூக்கம் வரலியா?" புரளாவிட்டால், "முழிச்சுட்டா இருக்கே?" காலையில் வாலு எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் அம்மாவின் கண்ணைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பாள். இத்தனை பேர் காத்துக்கொண்டிருந்தால் தூக்கம் எப்படி வரும்? அது வாசல் வரை வந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போய்விடும்.

ஒரு நாள் டிரைவர் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே, "இன்னிக்கி கடைசி ஸ்டாப்புல ஸ்டியரிங் மேல சாஞ்சவன்தான். கண்டக்டர் வந்து தட்டுறான், சார் பொழுது விடிஞ்சுடுச்சுன்னு" என்றார். வாலுவும் சிரித்தாள். குள்ளி கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். நிறுத்தத்தில் அசந்தவர் நாளைக்கு ஓடும்போது அசந்தால்? பஸ் நிறைய ஜனம். இவர் தூங்காதது தன்னால் என்று அவளுக்குப் பட்டது.

அன்றிலிருந்து அவள் தூங்குவது மாதிரி படுக்கப் பழகினாள். கையைத் துவளவிட்டாள். மூச்சை இழுத்து, நிதானமாக விட்டாள். நடுவில் ஒரு தடவை புரண்டு, வாய்க்குள் ஏதோ முனகினாள். அப்படியும் டிரைவர் நம்பாமல் அவள் பக்கம் திரும்பிப் படுப்பதைப் பார்த்து, ஒரு நாள் குறட்டையும் சேர்த்துவிட்டாள். அவளுக்குக் குறட்டை விட்டுப் பழக்கமில்லை. தெரிந்தது கட்டினவருடைய குறட்டை மட்டும்தான். உள்ளே இழுக்கும்போது கரகரவென்று ஏறி, முடிவில் ஒரு சின்ன விசில். "அப்பா டிப்போ கேட்டுக்கு வெளியில பஸ்ஸ நிறுத்திட்டு விசில் ஊதுறாரு" என்று வாலு கிண்டல் பண்ணுகிற அதே குறட்டை. அதைக் கேட்டதும் டிரைவர் நிம்மதியாக மூச்சு விட்டார். கொஞ்ச நேரத்தில் அசலும் கிளம்பியது. நகல் நின்றது.

டிரைவர் நன்றாகத் தூங்கினார். அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு மனசுக்குள் விரிப்பு மடித்தாள். முதல் சில நாள் காலையில் உடம்பு அடித்துப் போட்டாற்போல இருந்தது. அதுகூட அவளுக்கு ஆறுதல்தான். ஒரு காலையில் எழுந்தபோது வலி இல்லை. கண் எரிச்சல் இல்லை. உடம்பு பூப்போல இருந்தது. மழைச்சத்தம் ஒவ்வொரு சொட்டாகத் தனித்தனியே கேட்டது. குள்ளி பயந்து போய்ப் படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, எல்லாருக்கும் முன்னால் வேலைக்குப் போய், நெட்டையக்காவின் கையிலிருந்து முனைகளை உருவினாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் வந்து ராத்திரி ஷிப்டுக்கு ஆள் கேட்டார். லாட்ஜ் துணி மலையாகக் குவிந்து கிடந்தது. எல்லாரும் டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

"நான் வர்றேன் சார்" என்றாள் குள்ளி.

நெட்டையக்கா ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ராத்திரி என்ற சொல்லைக் கேட்டாலே, "டாக்டர் கூடாதுன்னுட்டாங்க சார்" என்று எழுந்து போகிறவள் அவள்.

"நீயா?" என்றார் சூப்பர்வைசரே.

"நான்தான். எனக்கு ஜோடிகூட வேணாம் சார். தனியாவே மடிச்சுடலாம், நான் ஒரு வழி கண்டுபிடிச்சு வெச்சிருக்கேன். அந்த மேஜைய இப்படித் திருப்பிப் போட்டு, கம்பியில ரெண்டு கிளிப்பு மாட்டினா ஆளே தேவையில்ல. ஆஸ்பத்திரி துணியையும் சேர்த்து எனக்கே குடுங்க. லாட்ஜ்காரங்ககிட்டயும் பேசலாம், இன்னும் ஊர்ல எத்தனையோ லாட்ஜ் இருக்கே, எல்லாத்தையும் நாமளே..."

"ஏய், சாப்பிடுடி முதல்ல" என்றாள் நெட்டையக்கா. குள்ளியின் டப்பாவில் முட்டை தொடாமல் அப்படியே இருந்தது. சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, "அவளுக்கு உடம்பு சரியில்ல சார். நீங்க வேற ஆளைப் பாருங்க" என்றாள்.

"எனக்கு என்ன? நல்லா இருக்கேன்! இவ்வளவு நல்லா நான் இருந்ததே இல்ல!"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது போலிருக்கிறது. முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் நெட்டையக்கா தன் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறாமல், மழையில் காத்து நின்று டிரைவரின் பஸ்ஸில் ஏறினாள். ஓட்டுகிறவரோடு பேசக்கூடாது என்று எழுதிப் போட்டிருந்ததற்குக் கட்டுப்பட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி நிறுத்தம் வரை வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அது பெரிய சாதனை. இறங்கியதும் இருவரும் டீக்கடைத் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கினார்கள்.

"தம்பி, அவ தூங்குறாளா?"

டிரைவர் சிரித்தார். "நெட்டையக்கா, நீங்க வேற. கொஞ்ச நாளா அடிச்சுப் போட்டாப்ல தூங்குறா. நானே நல்லாத் தூங்குறேன்னா பாத்துக்கங்களேன்."

"நீ கண்ணால பாத்தியா?"

"பாக்கிறது என்ன, காதால கேக்கறேனே. குறட்டை விடுறா."

"குள்ளியா? குறட்டையா?"

"ஆமாங்கறேன். சும்மா இல்ல, கரகரன்னு ஏறி, கடைசியில ஒரு விசில் வேற..."

டிரைவர் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டார். கையில் டீ இருந்தது. அதைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"கல்யாணம் ஆன நாளுலேர்ந்து அவ குறட்டை விட்டுக் கேட்டிருக்கியா தம்பி?" என்று நெட்டையக்கா மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல."

"இன்னிக்கி ராத்திரி ஷிப்டுக்கு வர்றேன்னா. என் கையில இருந்து துணியப் புடுங்குறா. நான் அவகூட நிக்கறவ, எனக்குத் தெரியும். அவ கை ஓடுது தம்பி."

"ஞாயித்துக்கிழமை எங்கக்கா வர்றாங்க" என்றார் டிரைவர். பதில் மாதிரி இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி இருந்தது. "புள்ளையப் பாக்கறேன்னு சொன்னாங்க. எங்களைத்தான் பாக்க வர்றாங்க."

"அதுக்கு?"

"அதுவரைக்கும் எப்படியாவது..."

"எப்படியாவது என்ன? திரைத்துணி கதை மறந்து போச்சா உனக்கு?" என்று நெட்டையக்கா அதட்டினாள். உடனே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அவ வேணும்யா. வேற எவகூடயும் என்னால மடிக்க முடியாது."

அன்றைக்கும் வழக்கம் போல விளக்கை அணைத்துப் படுத்தார்கள். மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து குள்ளியின் கை துவண்டது, மூச்சு நிதானமானது, குறட்டை கரகரவென்று ஏறி விசிலில் முடிந்தது. டிரைவர் இருட்டில் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தார். அவருடைய சொந்தக் குறட்டையை அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. ஒரு நெளிவு பிசகாமல் அப்படியே இருந்திருக்க வேண்டும். எத்தனை ராத்திரி முழித்துக் கிடந்து கேட்டிருந்தால் இப்படி வரும்?

"அது என்னோடதுடி" என்றார்.

குறட்டை பாதியில் நின்றது. விசில் வரவில்லை.

குள்ளி முதலில் சிரித்தாள். போர்வை குலுங்கக் குலுங்கச் சிரித்து, அது அப்படியே அழுகையாகிவிட்டது. "நீங்க தூங்கணும்ங்க. நீங்க தூங்கினாத்தானே பஸ்ஸு..."

"எத்தனை நாளா?"

"மழை வந்ததுலேர்ந்து."

"அடிப்பாவி." அதில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. "காலையில எப்படி இருக்கு? அசதியா? தெம்பா?"

அவள் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து, "தெம்பா" என்றாள்.

டிரைவர் எழுந்து உட்கார்ந்தார். "காலையில டாக்டர்கிட்ட போறோம்."

"திங்கக்கிழமை போலாங்க. கால்ல விழறேன். அண்ணி வந்து பாத்துட்டுப் போயிடட்டும். ரெண்டு நாள்தானே, நான் அடக்கிக்கறேன். வாயையே திறக்க மாட்டேன். பையை எடுத்துட்டு வந்து புள்ளையக் கூட்டிட்டுப் போயிடுவாங்கங்க. இந்தத் தடவை திருப்பித் தர மாட்டாங்க."

"அதுக்குள்ள உனக்கு ஏறிடுச்சுன்னா?"

"ஏறாது."

"உன் கையில இருக்கா அது?"

அப்போது அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து, தூக்கக் கலக்கம் துளியும் இல்லாத குரலில், "சண்டை போடாதீங்கப்பா" என்றாள் வாலு.

இருவரும் அலமாரிப் பக்கம் திரும்பினார்கள். அவள் எழுந்து வந்து அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"நீ தூங்கலியாடி?"

"எனக்கு முதல் நாளே தெரியும்மா. அது அப்பா குறட்டைன்னு." வாலு போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். "நான் யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா அத்தை வந்துடுவாங்கல்ல. நீங்க எந்திரிச்சு வெளியில போனா பிடிச்சுக்கலாம்னு முழிச்சுட்டே இருந்தேன். ஸ்கூல்லதான் கொஞ்சம் தூங்கிக்கறேன்."

குள்ளி மகளின் முகத்தைக் கையில் ஏந்தி, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஒவ்வொரு காலையும் இந்தக் கண்கள்தானே தன்னைச் சோதித்தன? ஒரு தடவைகூடத் தான் இவற்றைத் திருப்பிப் பார்க்கவில்லையே. நாத்தனார் கொண்டுபோய்விடக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்த பிள்ளை, வீட்டுக்குள்ளேயே காவல்காரியாக நின்று கரைந்துகொண்டிருந்தது.

விடிவதற்குள்ளேயே டிரைவர் லீவு சொல்ல டிப்போவுக்குப் போன் பேசிவிட்டார். பொழுது விடிந்ததும் குள்ளி போனை எடுத்து, அவர் தடுப்பதற்குள் நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"சொல்லும்மா. நாளைக்கு வர்றேன்ல, ஏதாவது வாங்கிட்டு வரணுமா?"

"அண்ணி, எனக்குத் தூக்கம் போயிடுச்சு. உங்ககிட்ட மறைக்கணும்னுதான் இருந்தேன். மறைச்சா புள்ளைக்கு ஆகாது போலருக்கு. டாக்டர்கிட்ட கிளம்பிட்டு இருக்கோம்."

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"புள்ளை?"

"அவளும் தூங்கலை அண்ணி. என்னைப் பாத்துக்கிட்டு முழிச்சிருக்கா. நான் உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கணும்..."

"இப்போ ஒண்ணும் கேக்காத. முதல்ல டாக்டர்கிட்ட போ. நான் வர்றேன்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. 'நான் வர்றேன்' என்பதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது? குள்ளி அதை வழி முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டிரைவரிடமும் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை.

டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னார், மாத்திரையைக் கூட்டினார், தூக்கத்துக்கு ஒன்று சேர்த்தார், வேலைக்கு லீவு எழுதினார். "நல்லவேளை இப்பவாவது வந்தீங்க. இதுல அடங்குதா பார்ப்போம். அடங்கலைன்னா உள்ள வந்து படுக்கத்தான் வேணும், அதுக்கு மனசைத் தயார் பண்ணிக்கங்க" என்றவர், டிரைவரையும் வாலுவையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் காவல் காக்கறதை விட்டுடணும். உங்களுக்கும் சேர்த்து ஒருத்தர் வேணும் வீட்டுல. யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். டிரைவர் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அன்று ராத்திரி மாத்திரை போட்டும் குள்ளிக்குக் கண் மூடவில்லை. மூடுவது மாதிரி நடிக்கவும் இல்லை. "முழிச்சுத்தான் இருக்கேன், நீங்க தூங்குங்க" என்று சொல்லிவிட்டு வெளிப்படையாக விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். அலமாரியில் இருந்த துணியையெல்லாம் எடுத்து வெளியே போட்டு மறுபடி மடித்தாள். டிரைவர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக ஒரு பையை எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். மதியம் நெருங்கும்போது அவள் ஒரு துண்டைப் பாதி மடித்தபடி கட்டிலில் உட்கார்ந்தாள். சரிந்தாள். அப்பாவும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் கால் நுனியில் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.

அழைப்பு மணியை யாரும் அடித்துவிடக் கூடாது என்று வாலு மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்துகொண்டாள். அத்தை குடை சொட்டச் சொட்டப் படியேறி வந்தாள். கையில் அந்த நீலப் பை. வாலு அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்துக்கொண்டாள்.

"அம்மா எங்கடி?" அத்தை குரலைத் தாழ்த்தினாள்.

"தூங்குறாங்க."

"இந்நேரத்துலயா?"

"இந்நேரத்துலதான் வந்துச்சு அத்தை."

டிரைவர் சாரலில் நனைந்த தலையைத் துவட்டவும் மறந்து சுவரோரம் நின்றார். "அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..."

"இருடா, கை போகுது" என்று அத்தை பையைக் கீழே விட்டாள். அது பொத்தென்று விழுந்தது.

மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. வாலு கதவை விரலளவு திறந்து எட்டிப் பார்த்தாள். குள்ளி வாயை லேசாகத் திறந்துகொண்டு, பாதி மடித்த துண்டு மார்பில் கிடக்க, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கப் படுத்திருந்தாள். வாலு வெகுநேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"குறட்டை விடுறாளா?" என்றார் டிரைவர், உதட்டை மட்டும் அசைத்து.

"இல்லப்பா" என்று வாலு கண் கலங்கச் சிரித்தாள். "நிஜமாவே தூங்குறாங்க."

பிறகுதான் அவளுக்குப் பையின் சத்தம் மண்டையில் ஏறியது. காலிப் பை அப்படி விழாது. குனிந்து ஜிப்பைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தாள். அத்தையின் நைட்டிகள், அத்தையின் மூக்குக்கண்ணாடிப் பெட்டி, கத்தரிக்கோல், கூடவே அத்தை எங்கே போனாலும் விடாத அந்த அழுக்குத் தலையணை.

"எத்தனை நாளைக்கு அத்தை?"

"தெரியலைடி. அவ தூங்கி எந்திரிக்கட்டும். உன் பக்கத்துல படுக்க எனக்கு இடம் இருக்குமா?"

வாலு பையின் ஒரு காதைப் பிடித்தாள். அத்தை இன்னொரு காதைப் பிடித்தாள். ஒருத்தி முந்தாமல், ஒருத்தி பிந்தாமல், சத்தம் வராதபடி நடந்து அதை உள்ளே கொண்டு போனார்கள்.